வார்ட்ரோப் ஷட்டர் வளைகிறது: மைக்கா ஒட்டிவிட்டு அறுப்பதா, அறுத்துவிட்டு ஒட்டுவதா?

பீன்யா_பட்டறை | மார்ச் 9

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். நானும் இரண்டு பையன்களும்தான். ஸ்கோரிங் பிளேடு உள்ள டேபிள் சா ஒன்று, மைக்கா ஓரம் சீவும் ட்ரிம்மர் இரண்டு, பலகை ஓரத்தில் பட்டி ஒட்டும், கையால் தள்ளும் மெஷின் ஒன்று. ஒட்டியதை அழுத்தும் பிரஸ் கிடையாது.

போன ஆகஸ்டில் ஒரு பிளாட்டுக்கு வார்ட்ரோப்பும் கிச்சனும் செய்து கொடுத்தேன். வார்ட்ரோப் ஷட்டர், அதாவது கதவு, எல்லாம் 7 அடி உயரம், 18 எம்எம் ப்ளை, மரைன் ப்ளைக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. வெளியே 1 எம்எம் மேட் மைக்கா. உள்பக்கம் மைக்கா வேண்டாம், பெயிண்ட் போதும் என்றார் கஸ்டமர். செலவு குறையுமே என்று நானும் தலையாட்டினேன். மாட்டிய அன்று நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

போன வாரம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் 9 ஷட்டரில் 6, மேல் மூலையும் கீழ் மூலையும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. நடுப்பகுதி மட்டும் பாக்ஸைத் தொடுகிறது. மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்தேன். ரொம்ப மோசமானதில் நடுவில் 7 எம்எம் இடைவெளி. அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை, காபி கொடுத்தார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதே ப்ளை, அதே மைக்கா, அதே பெயிண்ட். கிச்சன் ஷட்டர் ஒன்றுகூட அசையவில்லை. ப்ளை கடையில் கேட்டால் மைக்கா சரியில்லை என்கிறார்கள். மைக்கா கடையில் கேட்டால் பசை சரியில்லை என்கிறார்கள்.

நான் ப்ளையை அளவுக்கு அறுத்து, பாக்ஸ் கூட்டி, அப்புறம்தான் மைக்கா ஒட்டி ட்ரிம்மர் ஓட்டுவேன். பெரிய பட்டறைகளில் முழு ஷீட்டில் ஒட்டிவிட்டுத்தான் அறுக்கிறார்களாம். வளைந்தது இதனாலா?

அல்சூர்_ஆசாரி | மார்ச் 9

தம்பி, 7 அடி ஷட்டருக்கு ப்ளை போட்டதே தப்பு. நீளமான கதவுக்கு பிளாக்போர்டுதான் (block board) போட வேண்டும். உள்ளே மரச்சட்டம் நீளவாக்கில் ஓடுவதால் நிமிர்ந்து நிற்கும். ஈரம் படும் இடத்துக்கு ப்ளை, நெட்டைக் கதவுக்கு பிளாக்போர்டு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அளவு நாடாகூட வைத்திருக்கமாட்டார், முழக்கோல்தான்.

அறுத்துவிட்டு ஒட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. நாற்பது வருஷமாக அப்படித்தான் ஒட்டுகிறேன்.

பேனல்லைன் | மார்ச் 10

ஆசாரி ஐயா சொன்ன பிளாக்போர்டு விஷயம் சரி. ஆனால் பிளாக்போர்டிலும் ஒரே பக்கம் ஒட்டினால் வளையும், கொஞ்சம் தாமதமாக. உங்கள் கேள்விக்கான பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: உள்பக்கம் பெயிண்ட்.

நான் பத்து வருஷம் ஒரு பேனல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். நாம் மைக்கா என்று சொல்வதில் அந்தக் கனிமம் துளிகூட இல்லை, அது காகிதம். அடியில் பீனாலிக் ரெசின் ஊறிய பழுப்பு கிராஃப்ட் காகிதம் பல அடுக்கு, மேலே மெலமின் ரெசின் ஊறிய டிசைன் காகிதம், எல்லாம் சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக வெந்தது. 1912ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இருவர் மின்சாதனங்களுக்கு இன்சுலேஷனாக இந்த மாதிரி ஷீட்டைச் செய்தார்கள். அதுவரை அந்த வேலைக்கு நிஜ மைக்காவைத்தான் போடுவார்கள். அதற்குப் பதிலாக வந்தது என்பதால் பார்மைக்கா என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் சன்மைக்கா என்ற பிராண்டு வந்து, கடைசியில் எல்லா ஷீட்டும் மைக்கா ஆகிவிட்டது.

காகிதம் என்பதுதான் இங்கே முக்கியம். ஈரக்காற்றில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும். ஆடி மாதத்தில் துவைத்த துண்டு இரண்டு நாள் காயாது, மார்ச்சில் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று ஆகிவிடும். நீங்கள் ஒட்டியது ஆகஸ்டில், விரிந்திருந்த ஷீட்டை. போதாததற்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை அதன் முதுகில் இன்னும் ஈரம் ஏற்றியிருக்கும். இப்போது அது சுருங்கப் பார்க்கிறது, ப்ளை விடமாட்டேன் என்கிறது. சுருங்குகிற பக்கம் குழிகிறது. மூலைகள் வெளியே வந்தது அதனால்தான். உள்பக்கமும் ஒரு மைக்கா இருந்திருந்தால் அதுவும் அதே அளவு இழுத்திருக்கும். இரண்டு பேர் எதிரெதிராகக் கயிறு இழுத்தால் கயிறு அங்கேயே நிற்குமே, அது மாதிரி.

கிச்சன் ஏன் தப்பித்தது? அதுவும் வளைந்துதான் இருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2100 எம்எம் நீளம், ஏறக்குறைய 19 எம்எம் கனம் உள்ள பேனல் நடுவில் 7 எம்எம் வளைய, ஒரு முகம் இன்னொரு முகத்தைவிட வெறும் அரை எம்எம் குட்டையானால் போதும். வளைவு நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே இழுப்பு 700 எம்எம் கிச்சன் ஷட்டரில் இருந்தால், நீளம் மூன்றில் ஒரு பங்கு, வளைவு ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு எம்எம்கூட வராது.

வர்த்தூர்_வாசி | மார்ச் 10

நான் மரவேலைக்காரன் இல்லை, வீடு செய்துகொண்டிருக்கிறேன். உள்ளே ஒட்டச் சொன்னால் காண்ட்ராக்டர் இன்னொரு மைக்கா விலை முழுசாகச் சேர்க்கிறார். உள்பக்கமும் அதே விலை ஷீட்தான் ஒட்ட வேண்டுமா?

பேனல்லைன் | மார்ச் 10

வேண்டாம். லைனர் என்று கேளுங்கள், உள்பக்கம் ஒட்டும் மெல்லிய மைக்கா. 0.7, 0.8 எம்எம்மில் வெள்ளை, ஆஃப்வைட், சாம்பல் என்று கிடைக்கும். முகப்பு ஷீட்டைவிட விலை நன்றாகவே குறைவு. முகப்பு 1 எம்எம், உள்ளே 0.8 என்றால் ஷட்டருக்குப் போதும். இன்னொன்று, லைனருக்கு வாங்கிய ரசீதில் லைனர் என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடுபோடுபவள் | மார்ச் 11

இன்டீரியர் டிசைனர். பட்டறைகளில் நிற்பதுதான் பாதி வேலை, அதனால் எழுதுகிறேன்.

லைனர் ஒட்டினால் மட்டும் போதாது, எந்தத் திசையில் ஒட்டுகிறீர்கள் என்பதும் இருக்கிறது. மைக்கா ஷீட் நீளவாக்கில் குறைவாகவும் அகலவாக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கும் அசையும், காகிதத்தின் நார் ஓடும் திசை அப்படி. ஒரு தடவை ஷீட் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நானே வெட்டுப் படம் போட்டேன். முகப்பு 8 அடி வாக்கில், லைனரை மட்டும் குறுக்கே திருப்பி, நடுவில் இணைப்பு போட்டு. வெள்ளை ஷீட்தானே, டிசைனா ஓடுகிறது என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் இரண்டு ஷட்டர் பொரித்த அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டது. மேல் மூலை உள்ளே, கீழ் மூலை வெளியே. மிச்சம் பிடித்தது ஒரு ஷீட், திரும்பச் செய்து கொடுத்தது இரண்டு ஷட்டர்.

இப்போது லைனர் வந்ததும் பின்பக்கம் 8 அடி வாக்கில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடச் சொல்கிறேன். துண்டான பிறகும் திசை தெரியும்.

அப்புறம், ப்ளையும் மைக்காவும் லைனரும் ஒட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஒரே அறையில் கிடக்க வேண்டும். டெம்போவில் இருந்து இறக்கிய சூட்டோடு ஒட்டாதீர்கள். சுவரில் சாய்த்து வைக்கவும் கூடாது. படுக்கவைத்து, மேலே ஒரு ப்ளை போட்டு மூடுங்கள்.

அல்சூர்_ஆசாரி | மார்ச் 11

எல்லோரும் படித்தவர்கள், கணக்குப் போடுகிறீர்கள், சந்தோஷம். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஒட்டிவிட்டு அறுத்து எடுத்துக்கொண்டு பிளாட்டுக்குப் போகிறீர்கள். அங்கே சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை, மேலே 20 எம்எம் சாய்ந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்? நான் பாக்ஸைச் சுவரில் வைத்து, கோடு போட்டு, இழைத்து, அதன் பிறகு வெளிப்பக்க மைக்காவை ஒட்டுவேன். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு தாள்கூடப் போகாது. உங்கள் பேனல்காரர்கள் ஃபில்லர் என்று ஒரு பட்டையை வைத்து, சிலிகான் அப்பிவிட்டு வருவார்கள்.

ஓரத்துக்கும் நான் தேக்கு பீடிங் அடித்து பாலிஷ் போடுவேன், இல்லையென்றால் அதே மைக்காவில் பட்டை நறுக்கி ஒட்டுவேன். பிவிசி பட்டி சிங்க் பக்கம் இரண்டு வருஷத்தில் நாக்கை நீட்டுவதைப் பார்த்ததில்லையா?

பேனல்லைன் | மார்ச் 11

ஐயா, சுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. தெரியும் பக்கப் பேனலை மட்டும் 30 எம்எம் கூடுதலாக விட்டு எடுத்துப்போய் அங்கே கோடு போட்டு இழைக்கலாம். நிறையப் பட்டறைகள் அந்தச் சிரமம் எடுப்பதில்லை, ஃபில்லர்தான்.

பட்டி நாக்கை நீட்டுவது பசையால். சாதாரண ஹாட்மெல்ட் சூட்டில் இளகும், இறுகும், மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். அடுப்புப் பக்கமும் நீராவி படும் இடமும் அதற்கு ஆகாது. பியூஆர் (பாலியூரித்தேன்) பசை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவது, அப்புறம் இளகாது. அந்த மெஷின் எல்லோரிடமும் இல்லை, அதுவும் உண்மை.

ஆனால் பாக்ஸ் கூட்டிய பிறகு ஒட்டுவதில் எனக்கு ஒரே ஆட்சேபம்: உள்ளே எப்படி அழுத்துவீர்கள்? 2 அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் உள்ள பாக்ஸுக்குள் கையை விட்டுத் துணியால் தேய்ப்பீர்கள், ஆணி அடிப்பீர்கள், டேப் ஒட்டுவீர்கள். மூலைக்குப் பக்கத்தில் பசை பிடிக்காது. நகத்தால் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்குமே, அந்த இடம். பிரஸ்ஸில் போட்ட பேனலைத் தட்டிப் பாருங்கள், ஒரே சத்தம்.

பீன்யா_பட்டறை | மார்ச் 12

என் பழைய ஷட்டர்களை நேற்று தட்டிப் பார்த்தேன். டொக்கு இருக்கிறது. சரி, ஒட்டிவிட்டு அறுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு பாக்ஸ் சோதனைக்குச் செய்தேன், 600 எம்எம் அகலம் வர வேண்டியது 604 வந்தது. சிரிக்காதீர்கள்.

பேனல்லைன் | மார்ச் 12

முதல் வாரம் எல்லோருக்கும் 604தான். 18 என்று கணக்குப் போட்டு அடிப்பலகையை 564க்கு அறுத்திருப்பீர்கள். இப்போது உங்கள் பேனல் 18 இல்லை. ப்ளை 18, வெளியே 1, உள்ளே 0.8, பசை ஒரு பூச்சு, ஆக ஏறக்குறைய 20. இரண்டு பக்கமும் 20 போனால் அடிப்பலகை 560.

அதுவும் 20 என்று நம்பாதீர்கள். கேலிபரேட் செய்யாத, அதாவது ஒரே கனத்துக்குத் தேய்க்காத ப்ளையில் 18 என்று எழுதியிருப்பது 17.3 இருக்கும், அதே ஷீட்டின் இன்னொரு ஓரத்தில் 18.2 இருக்கும். ஒட்டிக் காய்ந்த பிறகு வெர்னியரால் நாலு இடம் அளந்து, அந்த எண்ணை வைத்து வெட்டுப் பட்டியல் போடுங்கள். பட்டி 22 எம்எம் அகலம் வாங்கினால் 20 கனத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு எம்எம் மிச்சம் வரும், சீவ வசதி. பின்பலகைக்குக் காடி அடிக்கும்போதும் ஒட்டிய பின்பலகையின் கனத்தை அளந்துவிட்டு அடியுங்கள்.

அறுப்பதில் இன்னொன்று. டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழே இறங்குகிறது, அதனால் அடிமுகம்தான் சிதறும். கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே வருகிறது, மேல்முகம் சிதறும். ஒரு பக்கம் மட்டும் மைக்கா என்றால் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டு பக்கமும் மைக்கா என்றால் ஸ்கோரிங் பிளேடு இல்லாமல் ஆகாது. அது ஒன்றிரண்டு எம்எம் மட்டும் உயர்ந்து, எதிர்த்திசையில் சுற்றி, பெரிய பிளேடு வருவதற்கு முன் கோடு கிழித்து வைக்கும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்பதை முதலில் மிச்சத்துண்டில் பாருங்கள். 300 எம்எம் பிளேடுக்கு 96 பல், டிரிப்பிள் சிப் பல் என்று கேளுங்கள். மைக்கா பல்லைச் சீக்கிரம் தின்னும்.

பீன்யா_பட்டறை | மார்ச் 12

பிரஸ் வாங்க இப்போது வழி இல்லை அண்ணே. என்ன செய்யலாம்?

காமாட்சிபாளையா_ஜாப்வொர்க் | மார்ச் 13

நான் மற்றவர்களுக்கு கூலிக்கு ஒட்டிக் கொடுப்பவன். என்னிடம் வாருங்கள் என்று விளம்பரம் செய்ய வரவில்லை, பிரஸ் இல்லாமல் நான் ஆரம்பித்த காலத்தில் செய்ததைச் சொல்கிறேன்.

தரையில் நேரான ஒரு அடித்தளம். நூல் பிடித்து, ஆப்பு வைத்து மட்டம் செய்தது. அதன் மேல் பத்து பேனல் வரை ஒன்றன் மேல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பழைய தினத்தந்தி பேப்பர். பேப்பர் இல்லையென்றால் பிதுங்கிய பசையில் இரண்டு பேனலும் கல்யாணம் செய்துகொண்டுவிடும். மேலேயும் கீழேயும் கட்டைகள், ஓரத்தில் கிளாம்ப். கட்டையின் நடுப்பகுதியைக் காகிதக் கனத்துக்குக் கொஞ்சம் புடைப்பாக இழைத்தால் ஓரத்தை இறுக்கும்போது நடுவும் அழுந்தும். ராத்திரி முழுக்க விடுங்கள்.

பசை வெள்ளைப் பசைதான். பல் வைத்த தகட்டால் ப்ளையில் இழுங்கள், 8க்கு 4 ஷீட்டின் ஒரு பக்கத்துக்கு அரைக் கிலோ ஆகும். கொட்டினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள், ஈரம்தான் கூடும். முகப்பையும் லைனரையும் ஒரே தடவையில், ஈரம் காய்வதற்குள் போட வேண்டும். இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு மறுபக்கம் என்றால் இன்று ராத்திரியே வளைந்துவிடும்.

ரப்பர் பசையைப் பெரிய பேனலுக்குப் போடாதீர்கள், வளைவான இடத்துக்கும் சைட்டில் ஒட்டும் சின்னத் துண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகத்திலும் பூசி, விரலில் ஒட்டாத வரை காயவிட்டு, நடுவில் குச்சிகள் அடுக்கி அதன் மேல் மைக்காவை வைத்து, ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே ரோலர் ஓட்ட வேண்டும். தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. பீடி பற்றவைக்கும் ஆளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கடைசியாக, துடைப்பம். பளபளப்பு ஷீட் ஒட்டும்போது ப்ளையில் ஒரு ரம்பத்தூள் இருந்தால்கூட மேலே கொப்பளம் மாதிரி தெரியும். பையன் பெருக்கிவிட்டான் என்று நம்பாமல் உள்ளங்கையால் முழு ஷீட்டையும் தடவிப் பாருங்கள். கண்ணைவிடக் கைக்குத் தெரியும்.

வர்த்தூர்_வாசி | மார்ச் 13

தினத்தந்தி பெங்களூரு பதிப்புதானே?

காமாட்சிபாளையா_ஜாப்வொர்க் | மார்ச் 13

ஞாயிற்றுக்கிழமை மலர் வேண்டாம், வழுவழு காகிதம்.

பீன்யா_பட்டறை | மார்ச் 22

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டில் இருந்து வளைந்த 6 ஷட்டரையும் கழற்றி வந்தேன். இரண்டைச் சோதனைக்கு எடுத்தேன். ஹிஞ்சைக் கழற்றி, உள்பக்க பெயிண்டை மரம் தெரியும் வரை தேய்த்தேன் (பெயிண்ட் மேல் பசை பிடிக்காது என்று ஜாப்வொர்க் அண்ணன் போனில் சொன்னார்). லைனரை அம்புக்குறி போட்டு முகப்பின் திசையிலேயே ஒட்டினேன். அடுக்கில் போடும்போது நேராக வைக்காமல், நடுவில் ஒரு பட்டையைக் கொடுத்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்து இறுக்கினேன். இரண்டு நாள்.

எடுத்து நூல் பிடித்தால் 7 இருந்தது இரண்டரை. இன்னொன்று 5 இருந்தது, ஒன்றுக்கு வந்துவிட்டது. ஹிஞ்ச் உட்காரும் 35 எம்எம் கப் ஓட்டையை மறுபடி திறக்கும்போது ஒன்றில் லைனர் சிதறியது, கப்பின் விளிம்பு மறைத்துவிட்டது. கனம் கூடிய 0.8ஐ ஹிஞ்சில் உள்ள முன்பின் திருகிலேயே சரிசெய்துவிட்டேன்.

மீதி நாலையும் இதே மாதிரி செய்யவா, புதிதாகச் செய்யவா?

கோடுபோடுபவள் | மார்ச் 22

ஒன்றுக்கு வந்ததை மாட்டுங்கள். இரண்டரை உள்ளதை, பக்கத்தில் இன்னொரு ஷட்டர் இல்லாத ஓரத்தில் மாட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாது. மீதி நாலில் 5க்கு மேல் வளைந்ததைப் புதிதாகச் செய்துவிடுங்கள். ஷேட் மாறக்கூடாது, பழைய ரசீதில் பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், டியூப்லைட்டில் பார்க்காமல் வெளியே வெயிலில் வைத்துப் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் இரண்டு பக்கமும் ஒட்டித்தான் தருவேன் என்று எழுதிக் கொடுங்கள். லைனர் செலவு உங்களுடையது, வேறு வழி இல்லை.

பேனல்லைன் | மார்ச் 22

புதிதாகச் செய்வதானால் 7 அடிக்கு ஆசாரி ஐயா சொன்ன பிளாக்போர்டு போடுங்கள், இரண்டு பக்கமும் ஒட்டி. ஹிஞ்ச் மூன்று போட்டிருந்தால் நாலாக்குங்கள். நல்ல ஷீட்டையும் மூன்று ஹிஞ்சில் 7 அடி தொங்கவிடக்கூடாது.

பீன்யா_பட்டறை | மார்ச் 23

ஹிஞ்ச் மூன்றுதான் போட்டிருந்தேன். நாலாக்கிவிடுகிறேன். ப்ளை இரண்டு, பிளாக்போர்டு இரண்டு என்று செய்து, ஜூலை மழையில் ஒரு தடவை, அடுத்த மார்ச்சில் ஒரு தடவை போய் நூல் பிடித்து இங்கேயே எழுதுகிறேன். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் வா தம்பி என்றார்கள்.

அல்சூர்_ஆசாரி | மார்ச் 23

தம்பி, சனிக்கிழமை காலையில் சித்தையா ரோடு போகிறேன், பிளாக்போர்டு நான் பார்த்து எடுத்துத் தருகிறேன். தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும், உள்ளே சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி இருந்தால் சத்தத்தில் தெரியும். டெம்போ சொல்லியிருக்கிறேன், இடம் இருக்கிறது. என் கணக்கில் லைனர் பத்து ஷீட் ஏற்றுகிறேன், உனக்கு எத்தனை வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்.